பஞ்சரான டயர்: ஒட்டுவதா, மாற்றுவதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை கார் டயர் பஞ்சர் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் கவலை ஒன்றுதான்: கடைக்காரர் டயரை மாற்றச் சொல்கிறார், நம்பலாமா? இல்லையென்றால், ஒட்டினால் போதும் என்கிறார், அதை நம்பலாமா? இரண்டுக்குமே பதில் டயரின் உள்பக்கத்தில் இருக்கிறது. அதனால் 'ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பாருங்கள்' என்பது கீழே பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பின் டயரின் நடுவில் ஓர் ஆணி ஏறியிருக்கிறது. காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது. ஒரு கடையில் சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் வெளியிலிருந்தே ஸ்ட்ரிப் (ஓட்டையை அடைக்கும் ரப்பர்த் திரி) சொருகி ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்றார்கள். இன்னொரு கடையில் டயரைக் கழற்றி உள்ளே பேட்ச் வைக்க வேண்டும் என்கிறார்கள். நண்பரோ, வம்பே வேண்டாம், டயரையே மாற்றிவிடு என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டாவது கடைக்காரர் சொல்வது சரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டயரை மாற்றத் தேவை இருக்காது என்றே தோன்றுகிறது.

முதலில் ஒன்று. அந்த ஆணியை நீங்களாகப் பிடுங்கிவிடாதீர்கள். அது உள்ளே இருக்கும் வரை ஓட்டையை அதுவே ஓரளவு அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிடுங்கினால் கொஞ்ச நேரத்திலேயே டயர் தரையோடு உட்கார்ந்துவிடலாம். காற்றை உரிய அளவுக்கு நிரப்பிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போங்கள். கடை தூரம் என்றால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போவது நல்லது.

ஒட்டலாமா கூடாதா என்பதற்கு முதல் அளவுகோல் ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பது. சாலையில் பதியும் பட்டன் பகுதியின் நடுவில், அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குள் இருந்தால் ஒட்டலாம். இரண்டாவது அளவுகோல் ஓட்டையின் பருமன், கார் டயருக்கு 6 மி.மீ. வரை. பிரிட்டனின் பி.எஸ். ஏ.யூ. 159 என்ற தரவிதி இந்த இரண்டு எல்லைகளையும் வைத்திருக்கிறது, அமெரிக்க டயர் உற்பத்தியாளர் சங்கமும் ஏறக்குறைய அதே அளவைத்தான், கால் அங்குலம் என்று சொல்கிறது. சாதாரண ஆணியும் ஸ்க்ரூவும் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். இரும்புத் தகடு கிழித்தது, தடிமனான போல்ட் ஏறியது எல்லாம் அடங்காது.

நடுப்பகுதிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? பட்டன் ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பி இழைகளால் ஆன பட்டைகள் டயரைச் சுற்றி ஓடுகின்றன. அதனால் அந்த இடம் விறைப்பாக இருக்கிறது, அதிகம் வளையாது, ஒட்டிய பேட்ச் அங்கே நிம்மதியாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக அசைவு கூடும்.

இப்போது அந்த ஐந்து நிமிட வேலைக்கு வருகிறேன். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய பியூட்டைல் வகை ரப்பர் படலம். ஆணி ஏறும்போது அது, மேலே உள்ள இழைகள், எஃகுப் பட்டை, பட்டன் ரப்பர் எல்லாமே துளைபடுகின்றன. வெளியிலிருந்து சொருகும் ஸ்ட்ரிப் அந்த வழியை அடைக்குமே தவிர, உள்படலத்தை மூடாது. காற்று நின்றுவிட்டது போல இருக்கும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக இழைகளுக்கு இடையே கசிந்து போகலாம். இதற்கு நேர் எதிரான அரைகுறை வேலையும் உண்டு, உள்ளே பேட்ச் மட்டும் ஒட்டிவிட்டு வெளிவழியைத் திறந்தபடி விட்டுவிடுவது. அப்போது காற்று போகாது, சாலையில் உள்ள தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே ஏறும். எஃகு இழை துருப்பிடித்தால் அதன்மேல் பிடித்திருக்கும் ரப்பர் விலகத் தொடங்கும். இது ஒரே நாளில் தெரிகிற கோளாறு இல்லை, மாதக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே நடக்கும், அதனால்தான் ஆபத்து. வழியையும் அடைக்க வேண்டும், உள்ளேயும் மூட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதற்காக வந்ததுதான் மஷ்ரூம் பேட்ச்: தட்டையான தலை உள்ளே ஒட்டிக்கொள்ளும், காம்பு ஓட்டை வழியாக வெளியே வரும்.

அந்த வேலையைக் கடையில் நின்று பாருங்கள், ஒழுங்காகச் செய்கிறார்களா என்பது தெரிந்துவிடும். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே விளக்கடித்துப் பார்த்து, ஆணி வந்த கோணத்திலேயே ஒரு துரப்பணக் கட்டரை விட்டு ஓட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆணி சாய்வாக ஏறியிருந்தால் வெளியே நடுவில் தெரிகிற துளை உள்ளே ஓரமாகப் போய் முடியும், இதைக் கழற்றாமல் கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் உள்படலத்தை பேட்சின் அளவுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுரண்டி, தூசியை உறிஞ்சி எடுத்து, சொல்யூஷனைத் தடவிக் காயவிட வேண்டும். இந்தக் காயவிடுகிற இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே பேட்சை அழுத்தினால் பிடிப்பு சரியாக வராது, விரலால் தொட்டால் ஒட்டுகிற பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு காம்பை வெளியே இழுத்து, உள்ளே சின்ன ரோலரால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தி உருட்டி, பேட்ச் ஓரங்களைச் சீலன்ட் தடவி மூடி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பை பட்டன் மட்டத்துக்கு நறுக்குவார்கள். டயரை மாட்டியதும் சோப்புத் தண்ணீர் சோதனை, வீல் பேலன்ஸிங். மொத்தம் அரை மணி, முக்கால் மணி ஆகும், ஆகட்டும்.

ஸ்ட்ரிப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆளரவமற்ற சாலையில் ஸ்டெப்னியும் இல்லாமல் நிற்கும்போது அது உங்களைக் கடை வரைக்கும் கொண்டு சேர்க்கும். கடைக்கு வந்ததும் அதை எடுத்துவிட்டு முறையாக ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: டயரில் காற்று இல்லை என்பதைக் கவனிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டேன். சத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினேன். ஆணி சின்னது, நடுவில்தான் இருக்கிறது. ஆனாலும் கடைக்காரர் டயர் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார். வியாபாரத்துக்காகச் சொல்கிறாரோ என்று சந்தேகம்.

உங்கள் சந்தேகம் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் உண்மையைச் சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. வந்த கேள்விகளிலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

காரின் எடையைச் சுமப்பது டயரை விட உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று போனதும் அந்த எடை முழுவதும் பக்கச்சுவரின் மேல் இறங்குகிறது. ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் பக்கச்சுவர் மடங்கி நசுங்குகிறது, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு முறை மடங்கி நிமிர்கிறது. 205/55 ஆர்16 அளவுள்ள டயரை எடுத்துக்கொண்டால் அது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 சுற்று சுற்றும். அதாவது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அந்தச் சுவர் ஐந்நூறு தடவை மடிந்து எழுந்திருக்கிறது, ஒவ்வொரு மடிப்பிலும் சூடு ஏறியிருக்கிறது. உள்ளே இருக்கும் பாலியெஸ்டர் அல்லது ரேயான் இழைகள் அந்தச் சூட்டில் பலமிழக்கும், ரப்பரிலிருந்து விலகும். மறுபடி காற்றடித்தால் டயர் பார்ப்பதற்குப் பழையபடி கம்பீரமாக நிற்கும். வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பிறகு ஒரு நாள், வேகமாகப் போகும்போது, பலமிழந்த அந்தச் சுவர் வெடித்துப் பிளந்துவிடலாம்.

ஆகவே ஓட்டை சின்னதா பெரிதா என்பது இங்கே இரண்டாம்பட்சம். காற்றில்லாமல் எவ்வளவு ஓடியது என்பதுதான் கேள்வி. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், டயரின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். உள்ளே கருப்புத் தூளோ, பென்சில் அழிப்பானைத் தேய்த்தால் உதிருமே அதுபோல ரப்பர்த் துகளோ கொட்டிக் கிடந்தால் சுவர் உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது. பக்கச்சுவரின் உள்பக்கத்தில் வளையமாகச் சுற்றிலும் ஒரு தேய்மானத் தடம் இருக்கிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா, நிறம் நீலம் பாய்ந்தது போல மாறியிருக்கிறதா, உள்படலம் உரிந்து இழை தெரிகிறதா என்று பாருங்கள். விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தால் சில இடம் மட்டும் கொழகொழவென்று இருப்பதும் தெரியவரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் டயரை மாற்றத்தான் வேண்டும், வேறு பேச்சே இல்லை. எதுவுமே இல்லை, உள்ளே சுத்தமாக வழவழப்பாக இருக்கிறது, நீங்களும் சாலை ஓரத்துக்கு வந்து நிறுத்தும் அளவுக்குத்தான் ஓட்டினீர்கள் என்றால் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். உள்ளேயே பார்க்காமல், கழற்றுவதற்கு முன்னாலேயே போய்விட்டது என்று சொல்லியிருந்தால் மட்டும் இன்னொரு கடையில் காட்டுங்கள்.

காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல கார்களில் அழுத்தம் 20 முதல் 25 சதவீதம் குறைந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும். 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 25, 26க்கு இறங்கியிருக்கும். விளக்கு எரிந்த பிறகும் வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டும் தூரம்தான் ஒட்டக்கூடிய டயரை ஒட்டமுடியாத டயராக மாற்றுகிறது.

ரன்ஃப்ளாட் டயர் என்றால் கதை வேறு. அவற்றின் பக்கச்சுவர் தடிப்பாக வலுவூட்டப்பட்டிருக்கும், காற்றே இல்லாமல் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை ஓடும்படி பொதுவாகச் செய்கிறார்கள். ஆனால் அப்படி ஓடிய பிறகு அதை ஒட்டலாமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. சுவர் தடிப்பாக இருப்பதால் உள்சேதம் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. உங்கள் டயர் நிறுவனம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள், தெரியவில்லை என்றால் மாற்றிவிடுவதே மேல்.

கேள்வி: பக்கச்சுவரில் சின்ன ஸ்க்ரூ ஒன்று குத்தியிருக்கிறது. உள்ளே பெரிய பேட்ச் ஒட்டித் தருகிறேன், ஒன்றும் ஆகாது என்கிறார் ஒருவர். செய்யலாமா?

வேண்டாம். ஓட்டை ஊசிமுனை அளவு இருந்தாலும் வேண்டாம்.

பக்கச்சுவரில் எஃகுப் பட்டை கிடையாது, இழைகள் மட்டுமே. கார் ஓடும் நேரமெல்லாம் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும் இடம் அது. அறுந்த இழையைப் பேட்ச் திரும்ப இணைக்காது, பேட்சே அந்த அசைவில் விளிம்பிலிருந்து பிரிந்து வரும். பட்டன் முடிந்து சுவர் தொடங்கும் அந்த வளைந்த தோள்பட்டைப் பகுதிக்கும் இதே பதில்தான். அங்கேதான் நிறையப் பேர் 'நடுவிலிருந்து கொஞ்சம்தானே தள்ளியிருக்கிறது' என்று சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

ஆணியே இல்லாமல், பள்ளத்தில் இறங்கிய பிறகு சுவரில் முட்டை போல ஒரு வீக்கம் கிளம்பினால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். உள்ளே இழை அறுந்து, காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. காற்று கொஞ்சமும் குறையாமல் இருக்கும், அதை நம்பி ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு புது டயருக்குப் போங்கள்.

கேள்வி: ஒரே டயரில் ஏற்கெனவே இரண்டு பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். இப்போது மூன்றாவது. எத்தனை முறை வரை ஒட்டலாம்?

இத்தனைதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட எண் எதுவும் கிடையாது. சில நிறுவனங்கள் தங்கள் டயருக்கு எல்லை வைத்திருக்கின்றன, இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். மற்றபடி பார்க்க வேண்டியது இடைவெளி. ஒரு பேட்சின் மேல் இன்னொரு பேட்ச் ஏறக்கூடாது, தொட்டுக்கொண்டும் இருக்கக்கூடாது, ஏனென்றால் இரண்டு துளைகளும் ஒரே எஃகு இழைகளை அறுத்திருக்கும். டயரின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் பரவாயில்லை.

ஆனால் நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. முதல் இரண்டையும் எப்படி ஒட்டினார்கள்? வெளியிலிருந்து ஸ்ட்ரிப் சொருகியதா, உள்ளே பேட்ச் வைத்ததா? ஸ்ட்ரிப் என்றால் இந்த மூன்றாவது பஞ்சரைச் சாக்காக வைத்து டயரைக் கழற்றி, பழைய இரண்டின் நிலையையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய துளையைச் சுற்றி துருக்கறையோ, உள்படலத்தில் கொப்புளமோ இருந்தால் அதோடு அந்த டயரின் ஆயுள் முடிந்தது. அத்தோடு, புதுப் பஞ்சர் என்று நினைப்பது பழைய பஞ்சரின் கசிவாகவே இருந்துவிடுவதும் உண்டு.

கேள்வி: டயர் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன, அதிகம் ஓடாத கார், பட்டன் நன்றாகவே இருக்கிறது. இப்போது நடுவில் பஞ்சர். ஒட்டினால் போதுமா?

இடமும் அளவும் சரியாக இருந்தால் ஒட்டுவதற்குத் தடை இல்லை, ஆனால் முதலில் வயதைச் சரிபாருங்கள். வாங்கிய தேதியைக் கணக்கில் எடுக்காதீர்கள், தயாரித்த தேதி சுவரிலேயே இருக்கிறது. டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில டயர்களில் இந்த முழு வரிசை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், அது காருக்கு உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் குனிந்து தேட வேண்டியிருக்கும். கடையில் பல மாதம் அடுக்கியிருந்த டயராக இருந்தால் உங்கள் ஆறு ஆண்டு உண்மையில் ஏழாக இருக்கலாம்.

ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படையும். வெயில், ஓசோன், சூடு மூன்றும் அதை இறுக வைக்கும், மெல்லிய வெடிப்பு விடும். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆண்டுதோறும் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து ஆண்டு ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றுங்கள் என்று சில டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. என் கருத்து: பட்டன் பள்ளங்களிலும் சுவரிலும் வலைப்பின்னல் போல வெடிப்பு இருந்தால் ஒட்டாதீர்கள். வெடிப்பே இல்லாமல் ரப்பர் மென்மையாக இருந்தால் ஒட்டிக்கொண்டு, அடுத்த மாற்றத்துக்கு மனத்தளவில் தயாராகுங்கள். ஸ்டெப்னியின் தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள், அதுவும் அதே வயதுதான்.

தேய்மானம் பற்றியும் ஒரு கணக்கு. புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பெரும்பாலும் 8 மி.மீ. அளவில் இருக்கும். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மி.மீ. தான் கடைசி எல்லை. பள்ளத்துக்குள் குறுக்காக இருக்கும் சின்ன மேடுகள் அதைத்தான் காட்டுகின்றன, பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் முடிந்தது. ஆக, பயன்படுவது 6.4 மி.மீ. தான். உங்கள் டயரில் இப்போது 3 மி.மீ. இருக்கிறது என்றால் மிச்சம் 1.4, கால் பங்குகூட இல்லை. மழையில் பிடிப்பும் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நிலையில் வரும் பஞ்சருக்கு ஒட்டுக்கூலி கொடுப்பதைவிட மாற்றுவதை முன்னால் இழுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஒரு டயர் ஒட்ட முடியாத அளவுக்குப் போய்விட்டது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன?

எஞ்சின் விசையால் நான்கு சக்கரமும் இயங்கும் காரா, இரண்டு சக்கரம் மட்டும் இயங்கும் காரா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இரண்டுக்கும் சொல்கிறேன்.

இரண்டு சக்கரம் இயங்கும் கார் என்றால் ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது, ஒரே நிறுவனம், ஒரே வடிவமைப்பு. புதியவை இரண்டையும் பின்னால் மாட்டுங்கள், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் பின்னால்தான். நல்ல டயர் முன்னால்தானே இருக்க வேண்டும் என்று பலரும் வாதிடுவார்கள். நனைந்த சாலையில் முன்சக்கரம் பிடி விட்டால் கார் நேராகப் போகப் பார்க்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பிடி விட்டால் வண்டி வாலைச் சுழற்றித் திரும்பிவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைச் சமாளிப்பது மிகக் கடினம்.

நான்கு சக்கரமும் இயங்கும் கார் என்றால் கவனம் இன்னும் அதிகம் தேவை. 8 மி.மீ. பட்டன் உள்ள புது டயரும் 4 மி.மீ. உள்ள பழைய டயரும் ஆரத்தில் 4 மி.மீ. வேறுபடுகின்றன, சுற்றளவில் அது 25 மி.மீ. ஆகிறது. பழையது கிலோமீட்டருக்கு ஆறேழு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும், இது நேர்ச்சாலையிலும் ஓயாமல் நடக்கும். வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய டிஃபரன்ஷியலும் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிளட்ச் இணைப்பும் எந்நேரமும் வேலை செய்து சூடேறும். கார் நிறுவனத்தின் கையேட்டில் எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று பாருங்கள், சில கார்களுக்கு அது மிகக் குறைவு. அந்த எல்லைக்குள் வரவில்லை என்றால் நான்கையும் மாற்ற வேண்டியதுதான். சில இடங்களில் புது டயரின் பட்டனைச் செதுக்கி மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் பக்கம் அந்த வசதி இருந்தால் விசாரியுங்கள்.

எந்தக் காராக இருந்தாலும் அளவு, எடைக் குறியீடு (எவ்வளவு எடை தாங்கும் என்பது), வேகக் குறியீடு (எவ்வளவு வேகம் தாங்கும் என்பது) மூன்றும் கார் நிறுவனம் சொன்னதற்குக் குறையக்கூடாது.

கேள்வி: பஞ்சரான டயருக்குள் ஓட்டையை அடைப்பதற்காகக் காரோடு வந்த சீலன்ட் திரவத்தை அடித்து ஓட்டிவந்தேன். இனி அந்த டயரை ஒட்ட முடியாதா?

பெரும்பாலும் முடியும். டயரைக் கழற்றும் முன்பே கடைக்காரரிடம் உள்ளே சீலன்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சில டப்பாக்களில் தீப்பற்றும் வாயு இருக்கும், பிசின் போன்ற அந்தத் திரவத்தைக் கழுவித் துடைக்காமல் பேட்சும் பிடிக்காது. அழுத்த சென்சாரின் துளை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சீலன்ட் கடை வரைக்கும் வருவதற்கு மட்டுமே, அதுவும் வழக்கமாக 80 கி.மீ. வேகத்துக்குள். புது டப்பா வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு டயரில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்று குறைகிறது. இரண்டு கடைகளில் பார்த்தும் ஆணி எதுவும் கிடைக்கவில்லை. டயரை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள், டயர் நன்றாகவே இருக்கலாம். நான்கு டயரிலும் ஒரே அளவு குறைந்தால் அது பருவநிலையின் வேலை, வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். ஒன்றில் மட்டும் என்றால் வால்வில் தொடங்குங்கள். வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழ் வருகிறதா பாருங்கள், வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஊசியை மாற்றினால் தீர்ந்தது. வால்வின் ரப்பர்த் தண்டை லேசாக வளைத்துப் பாருங்கள், அடியில் வெடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

அடுத்து, டயர் ரிம்மோடு பொருந்தும் விளிம்பு. அலாய் ரிம்களில் அந்த இடம் அரித்துப் பொருக்குத் தட்டும், அந்த இடுக்கில் காற்று நூல்போலப் போகும். டயரை இறக்கி ரிம் விளிம்பைச் சுத்தமாகத் தேய்த்து மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். ரிம்மின் உள்பக்கத்தில் மயிரிழை விரிசலும் இருக்கலாம், பள்ளத்தில் பலமாக அடிபட்டிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க எளிய வழி, சக்கரத்தைக் கழற்றி, நன்றாகக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி வைத்துச் சில நிமிடம் காத்திருப்பது. மெதுவான கசிவில் குமிழ் உடனே வராது, ஒன்று உருவாகி விடுபடவே அரை நிமிடம் எடுக்கும். கடையில் முக்கி உடனே தூக்கிவிட்டால் எதுவும் தெரியாமல்தான் போகும்.

கேள்வி: உள்ளே மஷ்ரூம் பேட்ச் வைத்து ஒட்டியாகிவிட்டது. இனி நெடுஞ்சாலையில் பழைய வேகத்தில் போகலாமா? மனதுக்குள் ஒரு பயம் இருக்கிறது.

சரியான இடத்தில், சரியான முறையில், உள்ளே பார்த்து ஒட்டிய டயர் மற்ற டயர்களைப் போலவே தேயும் வரை ஓடும், சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் தாராளமாகப் போங்கள். பஞ்சர் ஒட்டிய டயருக்கு அதன் வேகக் குறியீட்டை நாங்கள் உறுதிப்படுத்த மாட்டோம் என்று சொல்லும் நிறுவனங்களும் இருக்கின்றன. மிக அதிக வேகத்தில் தொடர்ந்து ஓட்டுபவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயம் தீர ஒரு வேலை செய்யுங்கள். ஒட்டிய மறுநாள் காலை, காரை எடுப்பதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே போலக் காலையில் அதே மானியால் மறுபடி அளந்து, பக்கத்து டயரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பயணத்துக்குக் கிளம்பலாம். ஒட்டியது மட்டும் 2 பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் காற்றடித்துச் சமாளிக்காமல் அதே கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.